புகை ஏறாத ஈரல்

(கிளிநொச்சி உருத்திரபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புகையிட்ட உள்ளுறுப்பு இறைச்சியின் போசாக்கும் சமையலும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். உருத்திரபுரீஸ்வரர் கோயில் இருக்கிற ஊரில் நின்று குடலையும் ஈரலையும் பற்றிக் கதைக்கக் கொஞ்சம் துணிவு வேண்டும். சைவக்காரர் பொறுத்தருள வேண்டும். நல்லவேளை, வெள்ளிக்கிழமை அல்லாத நாளாகப் பார்த்துக் கூட்டத்தை வைத்திருக்கிறீர்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் இறைச்சிக்குப் புகை போட்ட பழைய ஆட்கள் தசையைத்தான் கீறி, உப்பிட்டு, பரணில் போட்டு வத்தலாக்கினார்கள். ஈரலை அன்றைக்கே சுட்டோ கறியாக்கியோ தின்று முடித்தார்கள். அவர்களுக்கு விற்றமின் கணக்குத் தெரியாது. ஆனால் இன்றைய கணக்கு அவர்கள் பக்கந்தான் நிற்கிறது. எந்த உறுப்பு புகையைத் தாங்கும், எது தாங்காது என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

இந்தத் தொழில் இந்த மண்ணுக்குப் பழையது. 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681 இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வேடர்கள் மான் இறைச்சியை நெருப்பின் மேல் உலர்த்தி வைப்பதையும், ஊர்ச் சனங்கள் அதை வாங்கிப் போவதையும் அதில் எழுதியிருக்கிறார். பொந்து விழுந்த மரத்துக்குள் தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைப்பதையும் சொல்கிறார். 1679 இல் அவர் தப்பியோடியபோது அனுராதபுரத்துக்கு அருகே அதிகாரியிடம் சொன்ன சாட்டு என்ன தெரியுமா? உலர்ந்த இறைச்சி வாங்க வந்தோம் என்பது. கேட்டவர் அதை நம்பினார். வத்தல் வாங்க வடக்கே ஆள் வருவது அவ்வளவு வழக்கமான காரியம். அங்கிருந்து மல்வத்து ஓயாக் கரையோரமாகக் காட்டுக்குள்ளால் நடந்து அரிப்புக்குப் போய்ச் சேர்ந்தார். எங்கள் வன்னிக் காட்டின் தெற்கு விளிம்புதான் அது.

அந்த வத்தலை இன்றைக்குத் தேடாதீர்கள். மான், மரை, உடும்பு எல்லாம் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை. நான் கதைக்கப் போவது ஆடு, மாடு, வளர்ப்புப் பன்றி, கோழி பற்றி மட்டும். அதுவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்து அனுமதித்த இறைச்சி பற்றி. ஈரலைப் பொறுத்தவரை அந்தப் பரிசோதனை சும்மா சடங்கில்லை. தட்டைப்புழுவும் நாய் நாடாப்புழுவின் நீர்க்கட்டியும் குடியிருக்கிற இடம் ஈரலும் நுரையீரலுந்தான். கட்டி கண்ட உறுப்பைப் பச்சையாக நாய்க்கு வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். நாய் தின்றால் புழு அதன் குடலில் வளர்ந்து, முட்டை முற்றத்து மண்ணுக்கு வந்து, தவழுகிற பிள்ளையின் கைக்குப் போகும்.

இப்போது போசாக்குக்கு வருகிறேன். இரத்தம் இல்லாமல் போவது என்றால் என்ன என்று இந்த ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. காட்டை வெட்டி, இரணைமடு வாய்க்காலை நம்பிக் குடியேறிய தலைமுறை மலேரியாவோடு வாழ்ந்தது. காய்ச்சல் வந்து வந்து போகும்; மண்ணீரல் வீங்கும்; கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைச் சீலை மாதிரி இருக்கும். 2016 செப்ரெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. மலேரியா போனது. இரத்தச்சோகை போகவில்லை. கிளினிக்கில் தாய்மாருக்கு இன்றும் இரும்புக் குளிசையும் போலிக் அமிலமும் திரிபோசாவும் கொடுக்கிறார்கள்.

ஈரல் மருந்தாகவே வைத்தியசாலைக்குள் நுழைந்த காலம் ஒன்று உண்டு. 1926 இல் அமெரிக்காவில் மைனொட், மேர்பி என்ற இரண்டு வைத்தியர்கள், அதுவரை ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த ஒரு வகை இரத்தச்சோகைக்கு நாள்தோறும் ஈரல் கொடுத்து நோயாளரை எழுப்பிக் காட்டினார்கள். விப்பிள் என்பவரோடு சேர்த்து 1934 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலுக்குள் இருந்தது விற்றமின் பி12 என்று தெரியவர 1948 ஆகிவிட்டது. மைனொட், மேர்பியின் காலத்தையொட்டியே லூசி வில்ஸ் என்ற பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்து, துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். ஈரல் சாறு அதைத் தீர்த்தது. ஆனால் ஏழைக்கு அது கட்டுப்படியாகாது. ஈஸ்டிலிருந்து எடுக்கிற மாமைட்டும் தீர்க்கும் என்று கண்டார். எங்கள் கடைகளில் கறுப்புப் போத்தலில் இருக்கிற அதே மாமைட்தான். 1934–35 இல் இலங்கையை மலேரியா சூறையாடியபோது, சூரியமல் இயக்கத் தொண்டர்கள் மெலிந்து கிடந்த சனங்களுக்கு அதைக் கொடுத்தார்கள். வேலை செய்த பொருள் போலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. கிளினிக்கில் தருகிற குளிசைக்குள் இருப்பதும் அதுதான்.

இனிக் கொஞ்சம் கணக்கு. ஆட்டிறைச்சித் தசையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் இரும்பு. செம்மறி ஈரலில் 7. கோழி ஈரலில் 9. பன்றி ஈரலில் 23. மண்ணீரலில் 40 ஐத் தாண்டும். தமிழ்நாட்டில் ஆட்டு மண்ணீரலைச் சுவரொட்டி என்று கேட்டு வாங்கி, சோகை கண்ட பெண்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். இங்கே அது பெரும்பாலும் பேர் தெரியாமல் சட்டிக்குள் போய்விடுகிறது. இரத்த வறை செய்கிறவர்களும் நல்ல காரியந்தான் செய்கிறார்கள். ஆட்டு இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 30 மில்லிகிராம் அளவில் இரும்பு உண்டு. இரத்தத்திலுள்ள இரும்பு எங்கள் குடல் இலேசாக இழுத்தெடுக்கிற வகை. கீரையிலுள்ள இரும்பு அப்படியல்ல.

ஈரலில் இன்னொன்றும் இருக்கிறது: விற்றமின் ஏ. செம்மறி ஈரல் 100 கிராமில் 7,000 மைக்ரோகிராமுக்கு மேல். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 700 முதல் 900 வரை. நாள்தோறும் 3,000 ஐத் தாண்டினால் உடம்பு அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு பின்னால் தண்டிக்கும். 1913 சனவரியில் அந்தாட்டிக்காவில் மோசன் என்ற ஆய்வுப் பயணியோடு போன மேர்ட்ஸ் என்பவர் இறந்தார். உணவு தீர்ந்து நாய்களைக் கொன்று தின்றார்கள். மென்மையாக இருந்ததால் மேர்ட்ஸ் ஈரலை அதிகம் தின்றிருக்கலாம். அந்த ஈரல் நஞ்சுதான் கொன்றது என்று பல வைத்தியர்கள் கருதுகிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்கும் மிகையான விற்றமின் ஏ ஆகாது. அதனால்தான் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்க வேண்டுமென்று பிரித்தானிய சுகாதாரத் துறை சொல்கிறது. மண்ணீரலிலும் இதயத்திலும் இரத்தத்திலும் அந்தப் பயம் இல்லை. அவற்றில் விற்றமின் ஏ மிகக் குறைவு.

இந்த இடத்தில் எங்கள் பங்கு ஆட்டை நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கு மறுநாளும் ஒரு ஆட்டை அடித்து, பன்னிரண்டு வீடு கூறு போட்டு எடுக்கிறோம். ஒவ்வொரு கூறிலும் ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு துண்டு விழ வேண்டும், விழாவிட்டால் சண்டை. அரைக்கிலோ ஈரலைப் பன்னிரண்டாகப் பிரித்தால் வீட்டுக்கு நாற்பது கிராம் சொச்சம். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்குப் பத்துக் கிராம். அதிலுள்ள விற்றமின் ஏ ஏறத்தாழ 700 மைக்ரோகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அளவு! நீதிக்காகப் போட்ட கூறு மருந்தின் அளவாகவும் அமைந்துவிட்டது. மண்ணீரல்தான் கூறு போட முடியாத சின்ன உறுப்பு. அது கத்தி பிடித்தவருக்கோ காசு சேர்த்தவருக்கோ போவது வழக்கம். என் அபிப்பிராயத்தில், சோகை கண்ட பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போக வேண்டியது அது.

புகை என்ன செய்கிறது? விறகு மெதுவாகக் கருகும்போது பீனோல்கள், அசற்றிக் அமிலம், போமல்டிகைட்டு என்று பல பொருட்கள் எழும்பி இறைச்சியின் மேற்பரப்பில் படிகின்றன. அவை பற்றீரியாவைத் தடுக்கின்றன. கொழுப்புச் சிக்குப் பிடிப்பதைத் தாமதிக்கின்றன. கூடவே சூடு தண்ணீரை வெளியேற்றுகிறது. உப்பு முன்னமே பாதி வேலையைச் செய்திருக்கும். ஆனால் புகை ஒரு வாசற்காவல்காரன். சில மில்லிமீற்றருக்கு உள்ளே நடப்பது அதற்குத் தெரியாது. வத்தலுக்கு இறைச்சியை வார் வாராகக் கீறியதன் சூட்சுமம் அதுதான்: உள்ளே என்று ஒரு இடமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

ஈரலை அப்படிக் கீறலாமா? கீறலாம், ஆனால் அது நாரில்லாத, ஈரம் நிறைந்த உறுப்பு. அதன் நொதியங்களே அதைக் கரைக்கத் தொடங்கும். வார் அறுந்து விழும். வெளிப்புறம் தோல் கட்டி, உட்புறம் நசநசத்திருக்கும். எங்கள் அடுப்புப் பரணின் சூடு பற்றீரியாக்களுக்கு மிகப் பிடித்த சூடு. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் அவை பெருகும். இன்னொரு சங்கடமும் உண்டு. தண்ணீர் போகப் போக மற்ற எல்லாம் செறிந்துகொண்டே போகும். மூன்று கிலோ ஈரல் ஒரு கிலோவானால் 100 கிராமில் விற்றமின் ஏ 20,000 மைக்ரோகிராமைத் தொட்டுவிடும். புகையும் காற்றும் அதில் ஒரு பங்கை அழித்தாலும் மிச்சம் போதும். கொலஸ்திரோலும், மூட்டுவாதக்காரருக்கு யூரிக் அமிலம் ஏற்றுகிற பியூரினும் அப்படியே செறியும். சிறுநீரகத்தில் கட்மியமும். நல்லதைச் செறிவாக்கப் போனால் கெட்டதும் கூடவே வரும். அதே நேரம் போலிக் அமிலமும் விற்றமின் பி1 உம் சூட்டில் குறையும். எளிதில் உறிஞ்சப்படுகிற இரும்பில் ஒரு பகுதி, நீண்ட சூட்டில் கீரை இரும்பின் வகைக்கு மாறிவிடும். ஈரலை எதற்காகத் தின்றோமோ அதை இழந்து, எதற்காகப் பயந்தோமோ அதைச் சேர்த்து வைப்பது நல்ல வியாபாரமில்லை.

இன்னொரு ஆபத்தை ஜேர்மனியர் உயிரைக் கொடுத்துக் கற்றார்கள். யுஸ்தினுஸ் கேர்னர் என்பவர் வூர்ட்டம்பேர்க்கில் வைத்தியர், கவிஞரும்கூட. இரத்தமோ ஈரலோ குடலில் அடைத்துப் புகையிட்ட சொசேஜ் தின்றவர்கள் கண் செருகி, தொண்டை அடைத்து, மூச்சு நின்று சாவதை 1820 களில் விபரமாக எழுதினார். அந்த நஞ்சைத் தன் மேலேயே சோதித்தும் பார்த்தார். பொட்டுலினம் என்று பின்னால் பேர் பெற்ற பற்றீரியாவின் வேலை அது. காற்றில்லாத இடத்தில்தான் வளரும். தடித்த ஈரலின் நடு அதற்கு வாய்ப்பான வீடு. மணத்தாலோ நிறத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்தால் நஞ்சு அழியும், வித்து அழியாது. ஆலைகளில் இதைத் தடுக்க நைத்திரைற்று கலந்த உப்புப் போடுகிறார்கள். தயவுசெய்து குசினியில் கண்மட்டத்துக்கு அதைப் போட்டுப் பார்க்காதீர்கள். அளவு தவறினால் அதுவே நஞ்சு.

அப்படியானால் உலகத்தில் ஒருவரும் உள்ளுறுப்புக்குப் புகை போடுவதில்லையா? போடுகிறார்கள். பிரான்சின் நோர்மண்டியில் வீர் என்ற ஊர், பன்றிக் குடலை உப்பிட்டுக் கட்டிப் பல நாள் விறகுப் புகையில் தொங்கவிட்டு, பிறகு நெடுநேரம் அவிப்பதற்குப் பேர் போனது. சுவீடனின் வடக்கே கலைமான் இதயத்தைப் புகையிட்டு மெல்லிய சீவலாகத் தின்கிறார்கள். நாகாலாந்திலும் மிசோரத்திலும் அடுப்புக்கு மேலே பன்றி இறைச்சி தொங்காத மலை வீடு குறைவு. கவனியுங்கள்: ஒன்று குடல், ஒன்று இதயம், ஒன்று தசை. ஜேர்மனியரின் புகையிட்ட ஈரல் சொசேஜ்கூட அவித்த பிறகு கொஞ்ச நேரம் புகை காட்டுவதுதான். அந்த ஊர்களெல்லாம் குளிர் ஊர்கள். பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். கிளிநொச்சியின் பங்குனி வெயிலில் அந்த முறையை அப்படியே பின்பற்றினால் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

எங்களுக்குப் பொருந்துவது இதயமும் நாக்கும். இரண்டும் தசை. ஆட்டு இதயமோ மாட்டு இதயத்தில் ஒரு பாதியோ எடுத்து, பிளந்து, உறைந்த இரத்தத்தைக் கழுவி, கொழுப்பையும் குழாய்களையும் வெட்டி எறியுங்கள். கொழுப்பை வெட்டுவது ருசிக்காக அல்ல. அது நெருப்பில் சொட்டினால் எழும்புகிற புகைதான் மோசமான புகை. ஒரு கிலோவுக்கு 25 கிராம் உப்பு, இடித்த மிளகு, கொஞ்சம் மஞ்சள். ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். காலையில் மெதுவாக அவித்து முழுதாக வேகவிடுங்கள். நடுவில் வெட்டிப் பார்த்தால் சிவப்பு நீர் வரக்கூடாது. அதற்குப் பிறகுதான் புகை. வெந்த இறைச்சிக்குப் புகை வாசம் மட்டும் போதும். காவல் வேலையைக் குளிர்சாதனப் பெட்டி செய்யும். மின்சாரம் இல்லாமல் வன்னி கிடந்த நீண்ட ஆண்டுகளில் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. இன்றைக்குச் சொல்லலாம்.

குடலென்றால் வேலை கூட. புரட்டி, உப்பும் மஞ்சளும் தேய்த்துப் பல தண்ணீரில் கழுவி, நெடுநேரம் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்ட பிறகு புகை காட்டலாம். இரும்புக்காக அதைத் தின்னாதீர்கள், அதில் அதிகமில்லை. ருசிக்காகத் தின்னுங்கள்.

புகைக்குப் பொச்சு நல்லது. ஊமலும் சிரட்டையும் தணலாகக் கிடக்க, மேலே ஈரப் பொச்சைப் போட்டால் மெல்லிய புகை வரும். பாலை, வீரை விறகின் தணலும் நல்லது. வார்னிஷ் பூசிய பலகை, இடிந்த வீட்டு யன்னல் சட்டம், பிளாஸ்ரிக் ஒட்டிய பெட்டி எதுவும் வேண்டாம். சுவாலை எழும்பவே கூடாது. இரண்டு மணித்தியாலம் போதும். எடுத்து ஆறவிட்டுப் பெட்டிக்குள் வைத்து, மூன்று நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கறுக்கக் கறுக்கப் புகை பிடித்தால்தான் ருசி என்பவர்களுக்கு ஒரு சொல். 1775 இல் பேர்சிவல் பொட் என்ற லண்டன் சத்திரவைத்தியர், புகைக்கூண்டு துடைக்கிற பையன்களுக்குப் பிற்காலத்தில் வருகிற புற்றுநோய்க்குக் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். அந்தக் கரியிலுள்ள பென்சோபைரீன் என்ற பொருள் புகையிட்ட இறைச்சியிலும் படிகிறது. ஒரு கிலோ புகையிட்ட இறைச்சியில் 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் வரையறுத்திருக்கிறது. புகையிட்டும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் உறுதிப்படுத்தியது. நாளுக்கு 50 கிராம் வீதம் தின்கிறவர்களுக்கு ஆபத்து 18 வீதம் கூடுகிறது. ஆகவே இது மாதத்தில் ஒரு நாள் சாப்பாடு. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் இரத்த அழுத்தக்காரருக்கும் அந்த ஒரு நாளும் வேண்டாம்.

புகை ருசியைப் பற்றிக் கதைக்கிற ஆம்பிளைகள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பரணில் கிடந்த இறைச்சிக்குப் புகை ஏறிய அத்தனை நாளும் அதே குசினிக்குள் ஒரு பொம்பிளை ஊதுகுழலோடு குந்தியிருந்தாள். இறைச்சியில் படிந்ததெல்லாம் அவள் நெஞ்சிலும் படிந்தது. வீட்டுக்குள் விறகு எரிக்கிற புகையையும் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அதே முகவரகம் 2010 இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது. பழைய ருசி வேண்டுமென்று கேட்கிறவர் முற்றத்தில் ஒரு தகரப் பீப்பாவை வைத்து, தானே நின்று புகை போடட்டும்.

கடைசியாகச் சமையல். புதிய ஈரலுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. நெடுநேரம் ஊறப் போடாமல் கழுவி, சின்னதாக வெட்டி, வெங்காயம், கறிவேப்பிலை, கறித்தூளோடு அன்றைக்கே பிரட்டுங்கள். கோழி ஈரலென்றால் உள்ளே சிவப்பு மிச்சம் விடாதீர்கள். புகையிட்ட இதயத்தை மெல்லிய சீவலாக வெட்டி, சுடுதண்ணீரில் பத்து நிமிடம் போட்டு உப்பை இறக்குங்கள். சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் நல்லெண்ணெயில் வதங்கியதும் சீவலைப் போட்டுக் கிளறி, உருவிய முருங்கையிலை இரண்டு கை, கடைசியில் துருவிய தேங்காய். தனியே உப்புப் போட வேண்டியதில்லை. முருங்கையிலையின் இரும்பு தானாக உடம்பில் அதிகம் சேராது. பக்கத்தில் இறைச்சி இருந்தால் கூடச் சேரும். தேசிக்காய்ப் புளி இன்னும் உதவும். அதைச் சட்டி இறக்கிய பிறகு விடுங்கள், சூட்டில் விற்றமின் சி நிற்காது. சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு வருகிற அந்தச் சாயத் தேத்தண்ணிதான் முருங்கையிலை இரும்பைக் கட்டிப் போடுகிற ஆள். அதை ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.